கந்தசாமி வீட்டுக்குப் பெரியப்பா வந்தார்: கதைமாந்தர் பெயர்களை வாசிப்பது எப்படி?



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் படிவ மாணவர்களோடு புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதையைக் கூடுதல் வாசிப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கை தூக்கினான். “டீச்சர், வந்தவரு சிவன்னா, கந்தன் அவருக்கு மகன்தானே? அப்பா மகன் வீட்டுக்கு வந்திருக்காரா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “அது ஊருல எல்லாரும் வைக்கிற பேருப்பா. அதெல்லாம் தேர்வுக்கு வராது. அடுத்த பத்தியைப் படி” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சோதனையில் அதே மாணவன் பாத்திரப்படைப்புக் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தான்: ‘கந்தசாமி என்பது முருகப்பெருமானின் பெயர். ஆகவே இவர் வீரமும் அறிவும் நிறைந்தவர்.’ சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘சான்று எங்கே?’ என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

பிறகொரு நாள் அந்தக் கதையைத் தனியாக உட்கார்ந்து படித்தபோதுதான் உறைத்தது. அவன் எழுதிய விடை தவறு. ஆனால், அவன் கேட்ட கேள்வி சரி. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நல்ல விடைக்குப் போகும் வழியை நான்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் சிரித்துவிட்டேன். அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடுகுறியா, காரணமா?

இலக்கண வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். காரணம் எதுவும் தெரியாமல் வழங்கிவரும் பெயர் இடுகுறி. ‘மண்’, ‘மரம்’ மாதிரி. காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். ‘பறவை’, ‘நாற்காலி’ மாதிரி. கதைமாந்தர் பெயர்களைப் பேச இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம்.

நம் வாழ்க்கையில் ஆள்பெயர் பெரும்பாலும் இடுகுறி போலத்தான். ‘அன்பரசன்’ என்று பேர் வைத்த பிள்ளை அன்பாக இருப்பான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெற்றோர் பேர் வைக்கும்போது பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது. அதன் கதை இனிமேல்தான் நடக்கவேண்டும். எழுத்தாளர் நிலை வேறு. தன் பாத்திரம் என்ன செய்யப்போகிறது, எங்கே போய் முடியப்போகிறது என்று தெரிந்துகொண்டே அவர் பேர் வைக்கிறார். ஆகவே கதையில் வரும் பெயர் காரணப்பெயராக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு உண்டு என்றுதான் சொல்கிறேன். எல்லாப் பெயருக்கும் காரணம் தேடக்கூடாது என்பதையும் பின்னால் பார்ப்போம்.

நூலே காரணம் சொல்லும் பெயர்கள்

எளியதிலிருந்து தொடங்குவோம். சில நூல்கள் பெயரின் காரணத்தைத் தாமே சொல்லிவிடும்.

சீவக சிந்தாமணியின் நாயகன் பிறந்தது சுடுகாட்டில். அமைச்சன் கட்டியங்காரன் அரசனுக்குத் துரோகம் செய்து ஆட்சியைப் பிடிக்கிறான். கருவுற்றிருந்த அரசி விசயை தப்பிப் போய்ச் சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். கந்துக்கடன் என்ற வணிகன் அந்தக் குழந்தையைக் கையில் எடுத்தபோது குழந்தை தும்முகிறது. ‘சீவ’ என்று ஒரு வாழ்த்துக் குரல் கேட்கிறது. ‘வாழ்க’ என்று பொருள். நம் வீட்டில் குழந்தை தும்மினால் பாட்டிமார் ‘நூறு வயசு’ என்பார்களே, அந்த மாதிரி. அதிலிருந்து வந்த பெயர்தான் சீவகன். சாவுக்குரிய இடத்தில் பிறந்த பிள்ளைக்கு ‘வாழ்க’ என்பதே பெயராகிவிட்டது. கதை முழுவதும் அவன் சாவிலிருந்து தப்பி வாழ்ந்து காட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

மணிமேகலையின் பெயர்க் காரணத்தைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் சொல்கிறான். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காப்பாற்றிய தெய்வத்தின் பெயர் மணிமேகலை. அந்த நன்றிக்காகக் கோவலன் தன் மகளுக்கு அதே பெயரை வைத்தான். பிறகு மணிமேகலைக் காப்பியத்தில் என்ன நடக்கிறது? அதே தெய்வம் வந்து, தன் பெயரைத் தாங்கியவளைக் கடல் கடந்து மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. ஒரு காப்பியத்தில் நன்றிக்காக வைத்த பெயர், அடுத்த காப்பியத்தில் கதையையே நகர்த்துகிறது.

அதே நூலில் ஆபுத்திரன் வருகிறான். ‘ஆ’ என்றால் பசு. தாய் கைவிட்டுப் போன குழந்தைக்குப் பசு பால் கொடுத்துக் காத்தது. அதனால் அவன் பசுவின் மகன். வளர்ந்த பிறகு, வேள்வியில் பலியிடக் கட்டியிருந்த பசுவை அவன் விடுவிக்கிறான். ஊரார் அவனை இகழ்கிறார்கள். பின்னர் அவன் கைக்கு வரும் பாத்திரத்தின் பெயர் அமுதசுரபி. ‘சுரபி’ என்றாலும் பசுதான்! மறுபிறவியில் நம் வட்டாரத்துச் சாவக நாட்டில் பிறக்கிறான், அதுவும் பசுவின் வயிற்றில். பெயர், செயல், பாத்திரம், மறுபிறவி என்று நான்கு இடத்திலும் பசு. சாத்தனார் இதைக் கவனமாகத்தான் செய்திருக்கிறார் என்று நாம் துணிந்து எழுதலாம். ஏன் துணியலாம்? சான்று ஒன்றல்ல, வரிசையாக இருக்கிறது.

முகத்தில் எழுதி ஒட்டிய பெயர்கள்

இரண்டாவது வகை, குணத்தையே பெயராக வைப்பது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகம்.

பாண்டிய மன்னன் பெயர் ஜீவகன். அவனை ஏமாற்றும் அமைச்சன் பெயர் குடிலன். ‘குடிலம்’ என்றால் வளைவு, கோணல், வஞ்சகம். மன்னனுக்கு வழிகாட்டும் குரு சுந்தர முனிவர். ஜீவகன் என்ற பெயரில் ‘ஜீவன்’, அதாவது உயிர் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உயிரைக் கோணல் புத்தி கெடுக்கிறது. குரு இரகசிய வழி ஒன்றைக் காட்டிக் காப்பாற்றுகிறார். நாடகத்தில் உண்மையாகவே ஒரு சுரங்க வழி இருக்கிறது! லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்ற ஆங்கிலக் கதையிலிருந்து இந்த நாடகத்தின் கதை வந்தது. ஆனால், பெயர்களை இப்படி மாற்றியதும், அரண்மனைச் சூழ்ச்சிக் கதைக்கு அடியில் ஒரு தத்துவக் கதையும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆசிரியரின் சொந்தக் குருவின் பெயரும் சுந்தர சுவாமிகள் என்பது கூடுதல் செய்தி.

இந்த வகைப் பெயரில் ஒரு நன்மை உண்டு, ஒரு குறையும் உண்டு. குறை என்னவென்றால், குடிலன் மேடைக்கு வந்தவுடனே நமக்கு அவன் யார் என்று தெரிந்துபோகிறது. திடுக்கிட ஒன்றும் இல்லை. நன்மையும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பெயரைத் தினமும் வாயால் கூப்பிடுகிற மன்னனுக்கு மட்டும் அதன் பொருள் காதில் விழவில்லை. பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது நாடகத்துக்கு வலு.

இங்கே ஒரு குழி இருக்கிறது, மாணவர்களே. ‘குடில்’ என்றால் குடிசை என்பதும் உண்மைதான். அதை வைத்துக் ‘குடிலன் என்றால் குடிசையில் வாழும் எளியவன்’ என்று எழுதினால் என்ன ஆகும்? அகராதிப்படி பொருள் கிடைக்கும், நாடகப்படி கிடைக்காது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், எது பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்வது அகராதி இல்லை, கதை.

ஓரக்கண்ணால் காட்டும் பெயர்

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. நூல் நேராகச் சொல்லாது. ஆனால், ஓர் இடத்தில் குறிப்புக் காட்டும். சிலப்பதிகாரத்துக் கோவலனை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலர் என்றால் ஆயர், மாடு மேய்ப்பவர். புகாரில் பிறந்த பெருவணிகன் மகனுக்கு இந்தப் பெயரில் தனியாக ஒன்றும் தெரிவதில்லை. ஆனால், அவன் கடைசியாக உணவு உண்பது எங்கே? மதுரைக்கு வெளியே, ஆயர் குடியிருப்பில், மாதரி கொடுத்த இடத்தில். கண்ணகி சமைத்துப் போட்டு அவன் உண்ணும் காட்சியைப் பார்த்து, இவன் ஆயர்பாடியில் வளர்ந்த கண்ணனோ என்று அவர்கள் வியக்கிறார்கள். அந்த இடத்தில் கோவலன் என்ற பெயர் சட்டென்று விழித்துக்கொள்கிறது. தன் பெயருக்குரியவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டான். அங்கிருந்துதான் சாவுக்குப் போகிறான்.

கண்ணகி பெயருக்கும் இப்படிப் பலர் பொருள் சொல்வார்கள். ‘கண்’ணையும் ‘நகை’யையும் சேர்த்து ஒன்று, ‘கண்ணழகி’ என்று இன்னொன்று. கேட்க அழகாக இருக்கும். ஆனால், நூலுக்குள்ளே அதற்குப் பிடிமானம் காட்ட முடியாவிட்டால் விடைத்தாளில் எழுதாதீர்கள். சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது ஒரு விளையாட்டு. இலக்கியத் திறனாய்வுக்குச் சான்று வேண்டும்.

கந்தசாமிப் பிள்ளையின் வீட்டில்

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943-இல் வெளிவந்த கதை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: சென்னையில் ‘சித்த வைத்திய தீபிகை’ என்ற பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, தெருச்சந்தியில் நின்று சில்லறைக் காசுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். இருவரும் காப்பி குடிக்கிறார்கள். பிள்ளை அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். பூலோகத்தில் வாழ்ந்து பார்க்க விரும்பிய கடவுள், கடைசியில் தள்ளி நின்று வரம் கொடுக்கலாமே தவிர இவர்களோடு கூடவே இருந்து வாழ முடியாது என்று கண்டுகொண்டு போய்விடுகிறார்.

இப்போது பெயர்களை மட்டும் கவனியுங்கள்.

கதாநாயகன் கதையில் நுழையும்போது ‘மேலகரம் மே. க. ரா. கந்தசாமிப் பிள்ளை’ என்று முழு விறைப்போடு நுழைகிறார். ஊர்ப்பெயரை ஒருமுறை சொல்லியாகிவிட்டது. முதலெழுத்திலும் மறுபடி ‘மே’ வருகிறது. நம் நாட்டில் மைகார்டில் இருக்கும் முழுப்பெயரை, ‘ஏ எல்’லோடு சேர்த்து மேடையில் ஒலிபெருக்கியில் வாசித்த மாதிரி இருக்கும். இவ்வளவு நீளமான பெயருக்குச் சொந்தக்காரர் கையில் இருப்பது என்ன? சில்லறை. பெயரின் நீளமும் பையின் கனமும் ஒத்துப்போகவில்லை. சிரிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது கந்தசாமி என்ற பெயர். கந்தன் சிவனின் மகன். வந்திருப்பவர் சிவபெருமான். பிள்ளையின் சின்ன மகள் பெயர் வள்ளி. அதுவும் முருகனோடு சேர்ந்த பெயர். இது தற்செயலாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். ஆனால், வீட்டுக்குள் நுழைந்ததும் கந்தசாமிப் பிள்ளை வந்தவரை எப்படி அறிமுகம் செய்கிறார்? கைலாசபுரத்துப் பெரியப்பா என்று! திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் அந்த ஊர் ‘கைலாசவரம்’ ஆகிவிடும்.

இந்த ஒரு தொடரில் எத்தனை வேலை நடக்கிறது பாருங்கள். வீட்டாருக்கு அது ஏதோ ஓர் ஊர். நமக்கு அது சிவன் வாழும் கைலாசம். வீட்டாருக்குப் பெரியப்பா என்றால் அப்பாவுக்கு அண்ணன். நமக்கு அது ‘பெரிய அப்பா’, எல்லாருக்கும் மூத்த தகப்பன். பிள்ளை பொய் சொல்கிறார் என்று வீட்டார் பக்கமிருந்து பார்த்தால் தெரியும். ஆனால், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கந்தன் தன் தகப்பனைக் கைலாசத்துப் பெரிய அப்பா என்றுதானே சொல்ல முடியும்? என் மாணவன் “அப்பா மகன் வீட்டுக்கு வந்திருக்காரா?” என்று கேட்டபோது தொட்டது இந்த இடத்தைத்தான்.

அந்தப் பெரியப்பாவிடம் வீட்டில் உடனே ஒட்டிக்கொள்வது யார்? வள்ளி, குழந்தை. அவளுக்குத் தத்துவமும் வேண்டாம், வரமும் வேண்டாம். விளையாட ஒரு தாத்தா கிடைத்துவிட்டார். கதையில் கடவுளுக்குக் கிடைக்கும் கலப்பில்லாத வரவேற்பு அது.

பிறகு கடவுள் பூலோகத்தில் பிழைப்புத் தேடவேண்டிய கட்டம் வருகிறது. தெரிந்த தொழில் நடனம்தான். பிள்ளை அவரையும் தேவியையும் ஒரு பெரிய மனிதரிடம் அழைத்துப் போகிறார். அவர் திவான் பகதூர் பிரகதீசுவர சாஸ்திரிகள், நடனக் கலைக்கு ஆதரவாளர். அங்கே கடவுளுக்கு வைக்கப்பட்ட பெயர் கூத்தனார், தேவிக்குப் பார்வதி.

பிரகதீசுவரர் யார்? தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கும் சிவன். ஆக, சிவன் பெயரைத் தாங்கிய ஒருவர் முன்னால் சிவனே நின்று ஆடுகிறார். சாஸ்திரிகளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிடுகிறார். நடனத்துக்கு அரசன் என்று நாம் கும்பிடும் நடராசருக்கு, நடனம் தெரியவில்லை என்று தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர் பெயரும் சிவன் பெயர்.

‘கூத்தனார்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கோயிலில் ‘கூத்தப்பெருமான்’ என்றால் கும்பிடுவோம். தெருவில் ‘கூத்தாடி’ என்றால் முகம் சுளிப்போம். வீட்டில் “என்னடா கூத்து இது?” என்றால் கேலிக்கூத்து என்று பொருள். ஒரே சொல்தான். சாஸ்திரிகள் முன்னால் ஆடும்போது கடவுள் முதல் பொருளில் ஆடுகிறார். பார்ப்பவர் கண்ணில் அது இரண்டாவது பொருளுக்கு இறங்கிவிடுகிறது. நமக்கு அந்தக் காட்சி மூன்றாவது பொருளாகத் தெரிகிறது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். கந்தசாமி, அவர் தகப்பனார் ராமசாமி, வள்ளி, பிரகதீசுவரர். இந்தக் கதையில் எங்கே திரும்பினாலும் தெய்வத்தின் பெயர். தெய்வத்தின் பெயர் இல்லாமல் அலைபவர் தெய்வம் ஒருவர்தான். அவருக்கு இங்கே இடம் கிடைக்க வேண்டுமென்றால் ஒன்று உறவுமுறை வேண்டும், பெரியப்பா என்று. அல்லது தொழில்பெயர் வேண்டும், கூத்தனார் என்று. பெயரை நம்மிடம் கொடுத்துவிட்டு ஆள் வெளியே நிற்கிறார். நம் பிள்ளைகளுக்கு எல்லாம் சாமி பேரை வைத்திருக்கிறோம். சாமி நேரில் வந்தால் நம்மோடு தங்க முடியுமா? கதை கேட்கும் கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். கதையின் முடிவில் கடவுள் கண்டுகொள்வதை, அதன் பெயர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தன.

மூன்று சோதனைகள்

சரி, ஒரு பெயருக்குள் பொருள் இருக்கிறதா, நாமாகக் கற்பனை செய்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வகுப்பில் நான் பயன்படுத்தும் மூன்று சோதனைகளைத் தருகிறேன்.

ஒன்று, சாட்சிச் சோதனை. நூலுக்குள்ளே ஓர் இடமாவது அந்தப் பெயரின் பொருளைத் தொடுகிறதா? சீவகனுக்குத் தும்மல் சாட்சி. கோவலனுக்கு ஆயர் குடியிருப்பு சாட்சி. கந்தசாமிக்குக் கைலாசபுரத்துப் பெரியப்பா சாட்சி.

இரண்டு, கூட்டச் சோதனை. ஒற்றைப் பெயரா, பெயர்களின் கூட்டமா? ஒரு கதையில் ஒருவருக்கு மட்டும் கடவுள் பெயர் இருந்தால் அது வழக்கமாக இருக்கலாம். முக்கியமானவர்கள் பலருக்கும் இருந்து, கதையும் கடவுளைப் பற்றியதாக இருந்தால், அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

மூன்று, மாற்றுச் சோதனை. பெயரை மாற்றிப் பாருங்கள். கந்தசாமிப் பிள்ளையை ‘அருணாசலம் பிள்ளை’ ஆக்குங்கள். கதை நடக்கும், காப்பி குடிப்பார்கள், நடனமும் நடக்கும். ஆனால், பெரியப்பா என்ற சொல்லில் இருந்த இரட்டைப் பொருளில் பாதி செத்துப்போகும். மாற்றினால் ஏதாவது குறைகிறது என்றால், அந்தப் பெயர் வேலை செய்கிறது. எதுவும் குறையவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்த கருத்துக்குப் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பொருத்தம் வேறு, நோக்கம் வேறு. புதுமைப்பித்தனின் (1906–1948) இயற்பெயர் சொ. விருத்தாசலம். விருத்தாசலம் என்றால் பழைய மலை. அந்த ஊருக்கு முதுகுன்றம் என்றும் பெயர். ‘பழமை’யை இயற்பெயரில் வைத்திருந்தவர் ‘புதுமை’யைப் புனைபெயரில் வைத்துக்கொண்டார். ‘பித்தன்’ என்பது சிவனுக்கும் பெயர். அருமையான பொருத்தம்தான். ஆனால், அவர் இதை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார் என்று எழுத நமக்குச் சான்று வேண்டும். ‘இவ்வாறு பொருந்துகிறது’ என்று எழுதலாம். ‘இதற்காகவே வைத்தார்’ என்று எழுதினால், திருத்துபவர் என்னைப்போல் ‘சான்று எங்கே?’ என்று கேட்பார்.

விடைத்தாளில் எழுதும்போது

கேள்வி இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘கந்தசாமிப் பிள்ளையின் பாத்திரப்படைப்பை விளக்குக.’

வலுவில்லாத விடை: ‘கந்தசாமி என்பது முருகனின் பெயர். எனவே அவர் தெய்வ பக்தி உள்ளவர்.’

இதில் என்ன கோளாறு? பெயரிலிருந்து குணத்துக்கு நேராகத் தாவிவிட்டது. நடுவில் கதை இல்லை. அதோடு, கதைக்கு எதிராகவும் இருக்கிறது. கடவுள் நேரில் வந்தபோதும் பிள்ளை விழுந்து கும்பிடவில்லை. காப்பிக் கடைக்குத்தான் அழைத்துப் போனார். பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கிக்கொண்டார்.

வலுவான விடை: ‘கந்தசாமிப் பிள்ளை கடவுளிடம் பயமோ பணிவோ காட்டாமல், சமமான ஒரு விருந்தாளியைப் போல நடத்துகிறார். வீட்டாரிடம் அவரைக் கைலாசபுரத்துப் பெரியப்பா என்று அறிமுகம் செய்கிறார். கந்தன் சிவனின் மகன் என்பதால், பிள்ளையின் பெயரோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த அறிமுகம் பொய்யும் மெய்யுமாக இரட்டைப் பொருள் தருகிறது. பிள்ளையின் சாமர்த்தியத்தையும், கடவுளைக் குடும்பத்துக்குள் இழுத்துக்கொள்ளும் அவருடைய இயல்பையும் இது காட்டுகிறது.’

வித்தியாசம் தெரிகிறதா? முதலில் செயல், அடுத்துச் சான்று, அதற்குப் பிறகுதான் பெயர். பெயரில் தொடங்காதீர்கள், பெயரில் போய்ச் சேருங்கள். இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மாணவர் பெயரிலிருந்து குணத்துக்குத் தாவும்போது வெறும் கோடு போட்டுவிடாதீர்கள். ‘இதைக் கதையில் எங்கே பார்த்தாய்?’ என்று பக்கத்தில் எழுதி, திரும்ப எழுதச் சொல்லுங்கள். பாதி பேர் சான்றோடு திரும்பி வருவார்கள். மீதிப் பேர் ‘கதையில் இல்லை டீச்சர்’ என்று வருவார்கள். அதுவும் ஒரு கற்றல்தான்.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் கணவர் பெயர் பிரமநாயகம் பிள்ளை. துணிக்கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ‘நாயகம்’ என்பதற்குத் தலைமை என்று பொருள். இந்தப் பெயருக்கும் அவர் வாழ்க்கைக்கும் உள்ள உறவை ஒரு பத்தியில் எழுதுக. நோயாளி மனைவியை அவர் கவனித்துக்கொள்ளும் இடங்களைச் சான்றாகக் காட்டுக. அவர் பெயருக்கு முரணானவரா, வேறொரு பொருளில் அந்தப் பெயருக்குத் தகுதியானவரா?

2. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை ‘துன்பக்கேணி’. அவள் கணவன் வெள்ளையன், மகள் வெள்ளைச்சி. தோட்டத்தை ஆள்பவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். வெள்ளையன் என்பது தென்மாவட்டங்களில் சாதாரணமாக வழங்கும் பெயரும்கூட. இந்தப் பெயர்களில் கிண்டல் இருக்கிறதா? அல்லது கணவன் பக்கத்தில் இல்லாதபோதும் அவன் பெயரை மகளிடம் காப்பாற்றி வைக்கும் தாயின் மனம் மட்டும்தான் இருக்கிறதா? மூன்று சோதனைகளையும் போட்டுப் பார்த்து, இரு அணிகளாக வாதிடுக. இதற்கு ஒரே விடை என்று என்னிடம் எதுவும் இல்லை.

3. உங்கள் பாடநூலில் உள்ள ஒரு சிறுகதையில் முக்கியப் பாத்திரத்தின் பெயரை மாற்றி, ஒரு பக்கத்தை மீண்டும் வாசியுங்கள். எங்கே இடறுகிறது என்று குறித்து வையுங்கள்.

4. உங்கள் தாத்தாவின் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது வைக்கப்பட்டிருக்கிறதா? ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. பெயரைத் தாங்கியவன் என்று பொருள். வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.

முடிக்கும் முன்

அந்த மாணவன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி, அன்றைக்கு நீ கேட்ட கேள்வி சரியான கேள்விப்பா, நான்தான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கைலாசபுரத்துப் பெரியப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவனுக்குக் கேள்வி கேட்டதே ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ மார்க்கு திருப்பிக் குடுப்பீங்களா டீச்சர்?” என்றான்.

இல்லை, மதிப்பெண் அப்படியேதான் இருக்கும். விடையில் சான்று இல்லையே! ஆனால், இனிமேல் என் வகுப்பில் யாராவது பின்வரிசையிலிருந்து இப்படிக் கேட்டால், அடுத்த பத்திக்குப் போக மாட்டேன். நீங்களும் போகாதீர்கள்.